மூன்று கணக்குப் போதும்

(ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில், கண்டியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். அதிலும் ஆங்கிலமும் கணிதமும். சரியான இரண்டைத்தான் பிடித்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்துக்காக நம் வீடுகளில் யாரும் அழுவதில்லை. சுற்றாடல் பாடம் என்றால் ஒரு இலையைப் பறித்து ஒட்டினால் முடிந்தது. கணக்குக் கொப்பியும் இங்கிலீஷ் கொப்பியும் பையிலிருந்து வெளியே வரும்போதுதான் வீட்டில் குரல் உயர்கிறது. அடுப்பில் கறி கொதிக்கிறது, பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது, தாய்க்குப் பொறுமை போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அது சிறிதாக இருக்க வேண்டும். பிள்ளை தன் கையால், தன் புத்தியால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஆசிரியர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்க முடியாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவே கூடாது. இந்தக் கடைசி வார்த்தை ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கசக்கும் என்று தெரியும். ஏன் சொல்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் ஒரு வழக்கத்தை எழுதியிருக்கிறார். மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது, உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவாராம். அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் காலையில் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அன்றைய வீட்டுவேலை. அதோடு எண்சுவடி. பெருக்கல் வாய்ப்பாடு மட்டுமல்ல, கால், அரை, முக்கால், மாகாணி என்று பின்னங்களின் வாய்ப்பாடும் அந்தச் சுவடியில் இருந்தது. பிள்ளைகள் சேர்ந்து ராகம் போட்டு முறை சொல்லுவார்கள். பிரம்பும் இருந்தது, கோதண்டம் போன்ற கொடுமையான தண்டனைகளும் இருந்தன, அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. ஆனால் அந்தப் பூப் பெயரைக் கவனியுங்கள். பிள்ளையால் சுமக்க முடிந்த அளவு. எழுத ஒன்றுமில்லை. யாருடைய உதவியும் தேவையில்லை. காலையில் உபாத்தியாயர் கட்டாயம் கேட்பார். நான் சொன்ன மூன்று நிபந்தனையும் அதில் இருக்கின்றன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்தக் கண்டி மாவட்டத்தில், தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பிக் காலத்தில் நம் மக்கள் தோட்ட வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் வர 1907 ஆயிற்று. அந்த ஆண்டுச் சட்டம் தோட்டத்துரையின் தலையில் அந்தப் பொறுப்பைப் போட்டது. ஒரு ஆசிரியர், ஒரு மண்டபம், எல்லா வகுப்பும் ஒரே கூரையில். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த பிறகும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆகவே இந்த மலையில் படிக்கும் பிள்ளையின் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் போக வழி இருக்கவில்லை. பல வீடுகளில் அந்த வகுப்பையே எட்டவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாம் கொடுக்கிற வீட்டுப்பாடம் பிள்ளையோடு மட்டும் போவதில்லை, அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் போகிறது. கண்டி நகரத்தில் வங்கியில் வேலை செய்யும் தாய்க்கும், ஹந்தானையிலோ மடுல்கலையிலோ கொழுந்து பறித்துவிட்டு ஐந்து மணிக்கு லயத்துக்கு வரும் தாய்க்கும் ஒரே ஆங்கிலப் பயிற்சி போகிறது. மறுநாள் ஒரு கொப்பிக்குச் சரி விழுகிறது, மற்றதற்குப் பிழை விழுகிறது. நாம் பரீட்சித்தது எந்தப் பிள்ளையை? இரண்டு தாய்மாரைத்தான் பரீட்சித்திருக்கிறோம்.

நேரமும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றல்ல. அக்குறணையிலும் மடவளையிலும் பிள்ளைகள் பின்னேரம் குர்ஆன் ஓதப் போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை தண்ணீர் எடுக்கப் போகும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும். நகரத்துப் பிள்ளை வேனில் ஏறி, பாடசாலை விடுகிற நேரத்துக் கண்டி நெரிசலில் அரைத் தூக்கம் தூங்கி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் ரியூஷனுக்குப் போகும். ரியூஷனிலும் ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். பாடசாலைக்கு ஒரு கொப்பி, ரியூஷனுக்கு ஒரு கொப்பி. எட்டு வயது.

இந்த ஓட்டத்துக்கு மூல காரணம் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. அது நல்ல எண்ணத்தில் பிறந்த பரீட்சை. 1940களில் கன்னங்கரா மத்திய கல்லூரிகளைக் கட்டியபோது, வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து, தங்க வைத்து, படிக்க வைப்பதற்காக வந்தது. இன்றைக்கு அது பெயர்பெற்ற பாடசாலைகளுக்கான வாசல் கதவாகிவிட்டது. கண்டி போன்ற ஊரில், நூறாண்டு தாண்டிய பாடசாலைகள் தெருவுக்குத் தெரு நிற்கிற ஊரில், அந்தக் கதவின் முன்னால் நெரிசல் அதிகம். பரீட்சைக்குச் சில நாள் முன்பிருந்து ரியூஷன் வகுப்பு நடத்தக் கூடாது, மாதிரி வினாத்தாள் விநியோகிக்கக் கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் தடை போட வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இப்படியொரு தடை! 2024 செப்டம்பரில் நடந்த பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் புள்ளி கொடுக்கும்படி டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்தப் பரீட்சையின் நிழல் ஐந்தாம் தரத்தோடு நிற்பதில்லை. இரண்டாம் தரம் வரைக்கும் விழுகிறது. அதனால்தான் இரண்டாம் தரப் பிள்ளைக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போகிறது. நிறையக் கொடுக்கும் டீச்சர் நல்ல டீச்சர் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். குறைவாகக் கொடுத்தால் அதிபரிடம் போய் முறையிடுகிறார்கள். தாய்மார் மீது பழி போடவில்லை, பயம் அப்படிச் செய்ய வைக்கிறது.

இப்போது ஒரு கொப்பியைத் திறந்து பார்ப்போம். கணக்குக் கொப்பி. மூன்றாம் தரம். கழித்தல். பிள்ளைகளின் கொப்பிகளில் நான் திரும்பத் திரும்பக் காண்கிற ஒரு பக்கம் இது.

48இலிருந்து 25ஐக் கழி. பிள்ளை 23 என்று எழுதியிருக்கிறது. சரி. அடுத்தது, 52இலிருந்து 27. பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. அதற்கடுத்து 41இலிருந்து 18. விடை 37 என்று இருக்கிறது. 63இலிருந்து 26, விடை 43. 70இலிருந்து 34, விடை 44. இப்படி இருபது கணக்கு. பாதிக்குச் சரி, பாதிக்குப் பிழை. சிவப்புப் பேனாவால் கீழே ‘கவனம் போதாது’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். வீட்டில் தகப்பன் பார்த்துவிட்டு, ‘பராக்குப் பார்த்துக்கொண்டு செய்திருக்கிறாய்’ என்று ஏசுகிறார்.

பிள்ளை பராக்குப் பார்க்கவில்லை. நன்றாகக் கவனித்துத்தான் செய்திருக்கிறது. 52, 27. ஒன்றினிடத்தில் மேலே 2, கீழே 7. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆனால் ஏழிலிருந்து இரண்டு போகும். ஐந்து. பத்தினிடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஆக 35. எல்லாக் கணக்கிலும் அதே விதி. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்த விதி சரியாக வருகிறது. அதனால்தான் பாதிக்குச் சரி. இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு இன்னும் இருபது கணக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பிழையான விதி இன்னும் இருபது முறை உறுதிப்படும். பயிற்சி என்பது இருப்பதை ஆழமாக்கும். இருப்பது பிழையென்றால் பிழையைத்தான் ஆழமாக்கும்.

அதே பிள்ளைக்கு மூன்றே மூன்று கணக்குக் கொடுங்கள். 48இலிருந்து 25, 52இலிருந்து 27, 70இலிருந்து 34. முதலாவதில் கடன் வாங்க வேண்டியதில்லை. இரண்டாவதில் வாங்க வேண்டும். மூன்றாவதில் பூச்சியம் வருகிறது. இந்த மூன்றையும் பார்த்தால் போதும், அந்தப் பிள்ளை கழித்தலில் எங்கே நிற்கிறது என்று ஆசிரியருக்கு விளங்கிவிடும். நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் தலைக்கு இருபது கணக்கென்றால் எண்ணூறு கணக்கைத் திருத்த வேண்டும். யாராலும் முடியாது. ஆகவே கொப்பியின் அடியில் ஒரு கையெழுத்தோடு போகிறது, அல்லது பிள்ளைகளே கொப்பியை மாற்றிச் சரி போட்டுக்கொள்கிறார்கள். மூன்று கணக்கென்றால் நூற்றிருபது. மூன்றாவது பாடவேளைக்குள் பார்த்து முடிக்கலாம். யாருக்கு 35 வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளைகளை மட்டும் முன்னால் கூப்பிட்டு, தென்னை ஈர்க்கில் பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் கையில் கொடுத்து, ‘இதிலிருந்து இருபத்தேழு ஈர்க்கு எனக்குத் தா’ என்று கேளுங்கள். பிள்ளை இரண்டு கட்டைத் தரும். பிறகு ஏழு கேட்டால் கையில் இரண்டுதான் தனியாக இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். கடன் வாங்குதல் என்று நாம் பலகையில் எழுதிக் காட்டுவதெல்லாம் அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான். கையால் அவிழ்த்த பிள்ளை 35 என்று எழுதாது.

வீட்டில் சொல்லிக் கொடுக்கும்போது இன்னொரு சங்கடம் உண்டு. அம்மாவுக்கு ஒரு முறை, அண்ணனுக்கு ஒரு முறை, ரியூஷன் சேருக்கு ஒரு முறை, வகுப்பில் ஒரு முறை. நான்கும் சரியான முறைகளாக இருக்கலாம். ஆனால் ஒரே கிழமையில் நான்கையும் கேட்ட பிள்ளைக்குத் தலை சுற்றும். ஆகவே பெற்றோருக்குச் சொல்கிறேன்: முறையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ‘இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லு’ என்று மட்டும் கேளுங்கள். எழுத்துத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிப் பிழையைத் தானே பிடித்துவிடும்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று யோசிக்காமல் வாயில் வராத பிள்ளை, வகுத்தலிலும் பின்னத்திலும் தடுக்கி விழும். நம் முன்னோர் ராகம் போட்டுச் சொல்ல வைத்ததில் காரணம் இருக்கிறது. ஆனால் அதைப் பத்துத் தடவை எழுதச் சொல்வதில் ஒரு காரணமும் இல்லை. வாய்ப்பாடு வாய்க்குரியது. இரண்டு இரண்டாகப் பொத்தான் அடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வாயால் சொல்லட்டும், பாத்திரம் கழுவும் தாய்க்குப் பக்கத்தில் நின்று சொல்லட்டும்.

கணக்கை வீட்டிலிருந்து எடுக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம். கொழுந்து நிறுக்கிற கணக்கு. காலையில் இத்தனை கிலோ, மத்தியானம் இத்தனை, பின்னேரம் இத்தனை, கூடைக்கும் ஈரத்துக்கும் இத்தனை கிலோ கழிவு, அன்றைக்கு மொத்தம் எவ்வளவு? இது நான்காம் தரக் கூட்டலும் கழித்தலும். தாயின் ஒரு நாள் உழைப்பு அந்த எண்களில் இருக்கிறது. நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டில் இருப்பது நல்லது. நகரத்துப் பிள்ளைக்குப் பஸ் டிக்கட் இருக்கிறது, கடைப் பற்றுச்சீட்டு இருக்கிறது, கண்டி ரயில் நிலையத்தின் நேர அட்டவணை இருக்கிறது. எத்தனை மணிக்குப் புறப்படும், எத்தனை மணிக்குச் சேரும், எவ்வளவு நேரம் ஓடும்? மணிக்கூட்டுக் கணக்கு பிள்ளைகளுக்கு வராத கணக்கு, ஏனென்றால் ஒரு மணிக்கு அறுபது நிமிடம், நூறு அல்ல. ரயில் அட்டவணையில் அது தானாக விளங்கும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. முதலாம், இரண்டாம் தரங்களில் ஆங்கிலம் வாய்மொழியாக மட்டும், விளையாட்டும் பாட்டுமாக. எழுத்தும் பாடநூலும் மூன்றாம் தரத்திலிருந்து. பிள்ளை தாய்மொழியைக் கற்ற வழியும் அதுதான். முதலில் காது, பிறகு வாய், பிறகு கண், கடைசியில் கை. நடைமுறையில் என்ன நடக்கிறது? முதலாம் தரத்திலேயே நான்கு கோட்டுக் கொப்பி வாங்கச் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தைப் பத்து முறை பார்த்து எழுதி வர வேண்டும். பிள்ளை எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? வாக்கியமாக எழுதாது. முதல் சொல்லை மேலிருந்து கீழாகப் பத்து முறை எழுதும். பிறகு இரண்டாம் சொல்லைப் பத்து முறை. பத்து வரி முடிந்துவிடும், ஒரு வாக்கியம்கூட மனதில் இருக்காது. இரவு ஒன்பது மணியானால் மிச்சத்தைத் தாய் எழுதிவிடுகிறாள், எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கி. எத்தனையோ கொப்பிகளில் அந்தத் தாயின் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். கோபம் வருவதில்லை, நெஞ்சு கனக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் உண்மையான சிரமம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ‘பல்’ என்று சொல்லும்போதும் அதே எழுத்து, ‘அன்பு’ என்று சொல்லும்போதும் அதே எழுத்து. ஆனால் ஒலி இரண்டு. சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துத் தமிழ் தானாக ஒலியை மாற்றிக்கொள்ளும். ஆங்கிலம் அப்படியல்ல. பேனாவுக்கான சொல் ஓர் ஒலியில் தொடங்குகிறது, பந்துக்கான சொல் மற்ற ஒலியில் தொடங்குகிறது, இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. ‘க’வுக்கும் ‘ட’வுக்கும் இதே கதை. இதைக் காதால் பிரித்தறியாத பிள்ளை எழுத்துக்கூட்டலில் பிழை விடுகிறது. நாம் ‘ஸ்பெல்லிங் பாடமாக்கு’ என்கிறோம். அது காதின் சிரமம். கைக்கு வேலை கொடுத்துத் தீராது.

இதற்கு ஆங்கிலம் தெரியாத தாயும் உதவலாம். பிள்ளையின் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பேனாவுக்கான சொல்லைச் சொன்னால் கையில் காற்று வந்து மோதும். பந்துக்கான சொல்லைச் சொன்னால் அந்தக் காற்று அநேகமாக இருக்காது, தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும். ஒரு நாளைக்கு ஐந்து சொல். காற்று வருகிறதா, இல்லையா? விளையாட்டுப் போல முடிந்துவிடும்.

கண்டிப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. சிங்கள அரிச்சுவடியில் இந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நம் பிள்ளைகள் சிங்களத்தை இரண்டாம் தேசிய மொழியாகப் படிக்கிறார்கள், கடையிலும் பஸ்ஸிலும் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அதில்தான் விளையாடுகிறார்கள். ஓதப் போகும் பிள்ளை அரபு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தமாக உச்சரிக்கப் பழகியிருக்கிறது. அந்தக் காது ஏற்கனவே தயாராக இருக்கிறது. மூன்று மொழி பிள்ளைக்குச் சுமை என்று கவலைப்படுகிறோம். ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும்படி கற்பித்தால் சுமை குறையும். ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, எல்லாம் மூன்று எழுத்தில் இருக்கின்றன. தமிழ் எழுத்தைப் படித்துவிட்டு, கீழே உள்ள ஆங்கில எழுத்தில் எந்த எழுத்து எந்த ஒலிக்கு நிற்கிறது என்று கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். வழியில் கண்ட மூன்று ஆங்கிலச் சொல்லை எழுதி வா என்று சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் நாற்பது பிள்ளையிடமிருந்து ஒரு பெரிய சொற்பட்டியல் சேரும். அதை விட நல்ல பாடநூல் எந்த அச்சகமும் அடிக்காது.

உலகம் என்ன சொல்கிறது என்று இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், உயர் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் பெறுபேற்றுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. ஆரம்ப வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிக மெலிந்திருந்தது. நாளொன்றுக்கு, ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் வீதம் என்ற கணக்கை அவர் ஆதரித்தார். முதலாம் தரத்துக்குப் பத்து, மூன்றாம் தரத்துக்கு முப்பது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருபாகரன் 2018இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கிழமைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்று வைத்தது. சீனா 2021இல் முதலிரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலையை நிறுத்தியது. இவற்றை நாம் அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. வீட்டில் கதைப் புத்தகம் நிறைந்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் இல்லாவிட்டாலும் நட்டமில்லை. வீட்டில் ஒரு அச்செழுத்தும் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைப் பை ஒன்றுதான் எழுத்தோடு உள்ள உறவு. அதனால்தான் அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். வட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள், ஒரு தொலைபேசிக்கு மூன்று பிள்ளை. 2021இல் ஆசிரியர் போராட்டம், 2022இல் பொருளாதார நெருக்கடி, எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கொப்பி விலை ஏறிய ஏற்றத்தில், எழுதிய கொப்பியை அழித்துத் திரும்ப எழுதக் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்தக் காலத்தில் முதலாம், இரண்டாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் ஒழுங்காகப் பிடிக்காமலேயே மேல் வகுப்புக்கு ஏறிவிட்டார்கள். விடுபட்டதை ஈடு செய்ய நாம் என்ன செய்தோம்? வீட்டுப்பாடத்தைக் கூட்டினோம். வகுப்பில் விளங்காததை வீட்டில் விளங்கிக்கொள் என்று அனுப்பினோம். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத வீட்டுக்கு அனுப்பினோம்.

அதே நேரத்தில் தமிழ்நாட்டில் வேறொரு வழி பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே படித்த ஒருவர், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலை நேரத்தில் பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பணக்கார ஏற்பாடு அல்ல. நம்மிடமும் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் மலையகத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கோயில் மண்டபம் இருக்கிறது, மதரசா இருக்கிறது, வாசிகசாலை இருக்கிறது. பின்னேரம் ஒரு மணி நேரம், ஒரு மின்குமிழ், ஒரு பாய். அந்த அக்கா பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்கள் மூன்று கணக்கைச் செய்யும்போது பக்கத்தில் இருந்தால் போதும், வாசிக்கும்போது காது கொடுத்தால் போதும்.

இனி ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்.

அதிபர்களே, கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து ஆசிரியரை மதிப்பிடாதீர்கள். மேற்பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்கும் அதையே எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கில ஆசிரியரும் வகுப்பாசிரியரும் ஒரே நாளில் வீட்டுவேலை கொடுக்காதபடி ஒரு சின்ன அட்டவணை போட்டுக் கொடுங்கள். அதற்குச் சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெற்றோரே, நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையால் முடியவில்லை என்றால் முடியாததாகவே அனுப்புங்கள். வெறும் பக்கம் ஆசிரியருக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதி நிரப்பினால் அந்தச் செய்தி போய்ச் சேராது. அரை மணி நேரம் ஆகியும் முடியாவிட்டால் கொப்பியை மூடிவிட்டுப் பிள்ளையைத் தூங்க விடுங்கள். ‘இதற்கு மேல் முடியவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாய்ச்சொல்லாகப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். அதற்காக எந்த ஆசிரியரும் பிள்ளையை முழங்காலில் வைக்கக் கூடாது. எழுந்து நின்று சொல்கிறேன், வைக்கவே கூடாது.

ஆசிரியர்களே, உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளை, பாடக் குறிப்பு, பதிவேடுகள், கூட்டங்கள், வீட்டுக்குப் போனால் உங்கள் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அதனால்தான் குறைக்கச் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை தொடங்கி ஒரு தவணைக்குச் செய்து பாருங்கள். நாளுக்கு மூன்று கணக்கு, அல்லது வாயால் சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொல். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒன்றும் வேண்டாம், சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு இருக்கட்டும். கொடுத்ததை மறுநாள் முதல் இரண்டு பாடவேளைக்குள் பார்த்துவிடுங்கள், பிழைத்த பிள்ளையை அன்றைக்கே பக்கத்தில் அழையுங்கள். தவணை முடிவில் பிள்ளைகளுக்கு எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று உங்கள் பதிவேட்டைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி இருபது கணக்குக்குத் திரும்புங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு தவணையை மட்டும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.